ஊசியில் ஒன்று, ஆபரேஷனில் வேறொன்றா?

கேள்வி: என் அண்ணிக்கு வயது 46. போன வருஷம் மார்புக் கட்டிக்கு ஊசி டெஸ்ட் எடுத்து ‘ஃபைப்ரோஅடினோமா, சாதாரணக் கட்டிதான்’ என்றார்கள். ஆறே மாதத்தில் தேங்காய் அளவு வளர்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பார்த்தால் ‘ஃபில்லோடஸ், புற்றுநோய் வகை’ என்று ரிப்போர்ட். இப்போது நுரையீரலிலும் கட்டி தெரிகிறதாம், அதற்கும் ஊசி என்கிறார்கள். முதல் டெஸ்ட் தப்பா? ஊசி குத்தியதால்தான் பரவிவிட்டதா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஊசி குத்தியதால் நுரையீரலுக்குப் போகவில்லை, சகோதரி, முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். இந்தக் கட்டி பரவினால் ரத்தம் வழியாகத்தான் பெரும்பாலும் போகும், அதிலும் நுரையீரலுக்குத்தான் அதிகம். அக்குள் நெறிகளுக்குப் போவது அபூர்வம்.

சரி, முதல் டெஸ்ட். நீங்கள் பண்ருட்டிப் பக்கத்துக்காரர், பலாப்பழத்தை வைத்தே சொல்கிறேன். வெளியிலிருந்து ஒரு ஊசியைக் குத்தினால் சுளையில் படலாம், சடையில் படலாம், பழத்தைப் பற்றி அதை வைத்து என்ன சொல்ல முடியும்? ஃபைப்ரோஅடினோமாவிலும் ஃபில்லோடஸிலும் இருப்பது அதே இரண்டு சரக்குதான்: பால்குழாய்ச் செல்கள், அவற்றைச் சுற்றிய இணைப்புத் திசு. ஃபில்லோடஸில் கெட்டுப்போவது இந்த இணைப்புத் திசு, அதுவும் கட்டி முழுக்க ஒரே மாதிரி இல்லை, ஒரு மூலை சாதுவாக இருக்கும், இன்னொரு மூலையில் செல்கள் நெருக்கியடித்துப் பிரிந்துகொண்டிருக்கும். ஊசி சாதுவான மூலையில் பட்டிருந்தால் பார்த்தவர் அப்படித்தான் எழுதியிருப்பார். புற்றுநோய் வகையா என்று தீர்மானிக்க, செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, கட்டியின் ஓரம் பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுகிறதா என்றெல்லாம் பார்க்கவேண்டும். ஓரம் எங்கே ஊசியில் வரப்போகிறது? ஆனால் கட்டி மளமளவென்று வளர்ந்தபோது ‘ரிப்போர்ட்தான் நல்லபடியாக வந்திருக்கிறதே’ என்று யாராவது சும்மா இருந்திருந்தால், தப்பு அங்கேதான்.

(ஃபில்லோடஸ் என்பது இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே இலை இலையாக மடிந்திருக்கும். 1838-ல் ஜெர்மனியின் ஜோஹன்னஸ் முல்லர் வைத்த பெயர். மார்புக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது.)

நுரையீரல் ஊசிதான் இப்போது முக்கியம். அங்கே பரவிய கட்டியில் பெரும்பாலும் பால்குழாய்ச் செல் இருக்காது, நீள நீளமாக, இரு முனையும் கூர்ந்த கதிர் வடிவச் செல்கள் மட்டும்தான் கிடைக்கும். அதே மாதிரிச் செல்கள் வேறு சதைப் புற்றுகளிலும் வரும், சில நுரையீரல் புற்றுகளிலும் வரும். பழைய கதை தெரியாமல் ஸ்லைடை (செல்களை வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கண்ணாடித் தகடு) மட்டும் பார்க்கிறவர் என்ன செய்வார், பாவம். அதனால் ஆபரேஷன் நடந்த இடத்தில் எழுதிக் கொடுத்து, ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் (எடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பது) கேட்டு வாங்குங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. கோரிமேடு ஜிப்மர் புற்றுநோய் மையத்துக்குப் போனாலும் வேறெங்கே போனாலும் அவற்றைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது இதன் பிள்ளையா என்று தைரியமாகச் சொல்ல முடியும். ஊசியில் வந்தது போதாவிட்டால் கொஞ்சம் தடித்த ஊசியால் பயாப்ஸி எடுப்பார்கள், அதற்கும் மறுக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 22 வயது. கோலிக்குண்டு அளவு கட்டி, தொட்டால் நழுவுகிறது. ஊசியில் ஃபைப்ரோஅடினோமா என்று வந்தது. எனக்கும் இப்படி ஆகுமா?
– லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் வயதில் அது அநேகமாக ஃபைப்ரோஅடினோமாவேதான். டாக்டர் சொன்ன தேதியில் போய் ஸ்கேனில் அளந்து பாருங்கள். அதற்குள் சட்டென்று பெருத்தால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.