சிக்காத சங்கிலி, விட்டுவிட்டுப் பிடிக்கும் பிணைப்பு

வணக்கம். தூரிகைப் பாலிமர்கள் (ஒரு நீண்ட சங்கிலியில் பக்கச் சங்கிலிகள் அடர்ந்து நிற்கும் பெரிய மூலக்கூறுகள்) ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதில்லை, அதனால் சுலபமாக ஓடும் என்று எழுதியிருந்தீர்கள். அதே கட்டுரையின் கடைசியில், கொஞ்சம் ஹைட்ரஜன் பிணைப்பைச் சேர்த்தால் அது ரப்பர் மாதிரி ஆகிவிடும் என்கிறீர்கள். ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானது என்றுதானே படித்திருக்கிறோம்? அவ்வளவு பெரிய மூலக்கூறை அது எப்படிக் கட்டிப்போடும்?
சுமதி

அன்புள்ள சுமதி,

பலவீனம்தான், சந்தேகமில்லை. கார்பன்-கார்பன் பிணைப்பை அறுக்க மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் வேண்டும். சாதாரண ஹைட்ரஜன் பிணைப்புக்கு 5 முதல் 30 போதும். ஆனால் ஓட்டத்தைப் பொறுத்தவரை, ஒரு பிணைப்பு எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது, எத்தனை பிணைப்புகள் சேர்ந்து பிடிக்கின்றன என்பதுதான் கணக்கு.

தூரிகைப் பாலிமரை ஒரு பாட்டில் கழுவும் பிரஷ்ஷாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்பிதான் முதுகுச் சங்கிலி, மயிர்கள் பக்கச் சங்கிலிகள். மயிர்களின் நெரிசலில் கம்பி விறைத்து நிற்கும். அடுத்த பிரஷ்ஷின் கம்பி கிட்டே வர முடியாது. சாதாரண ரப்பரில் சங்கிலிகளின் சிக்கலே ஒரு விறைப்பைக் கொடுத்துவிடுகிறது. கரைப்பானில் ஊறவைக்காமல் அந்த விறைப்பை ஒரு லட்சம் பாஸ்கலுக்கு (விறைப்பை அளக்கும் அலகு) கீழே இறக்குவது கஷ்டம். தூரிகைச் சங்கிலிகளைக் கொண்டு, துளி கரைப்பான் இல்லாமல், 100 பாஸ்கல் அளவுக்கு மென்மையான ரப்பரை 2016இல் செய்து காட்டினார்கள்.

சிக்கல் இல்லாத இடத்தில் சின்னப் பிடிப்பும் பெரிதாகத் தெரியும். பக்கச் சங்கிலியின் நுனியில் ஹைட்ரஜன் பிணைப்புக் குழுவை வைத்தால், ஒரு மூலக்கூறுக்கு நூறு நுனி இருக்கலாம். ஒன்று விடும்போது மற்றவை பிடித்திருக்கும். விட்டதும் தூரம் போகாது, பெரும்பாலும் பழைய ஜோடியையே திரும்பப் பிடிக்கும். அதனால் மூலக்கூறு நகர ஆகும் நேரம், ஒற்றைப் பிணைப்பின் ஆயுளைவிட மிக நீண்டது. மெதுவாகத் தள்ளினால் ஓடும். வெடுக்கென்று இழுத்தால் ரப்பர். சூடாக்கினால் பிணைப்பின் ஆயுள் குறைந்து மறுபடி ஓட ஆரம்பிக்கும். நுனிக் குழுக்கள் முனைவுள்ளவையாகவும் (மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்தவை) பக்கச் சங்கிலிகள் சிலிக்கோன் போல முனைவற்றவையாகவும் இருந்தால், நுனிகள் கொத்துக்கொத்தாகத் திரண்டுகொள்ளும். அப்போது பிடி இன்னும் இறுகும்.

அதே குழுக்களை முதுகுச் சங்கிலியின் இரு முனைகளில் மட்டும் வைத்துப் பாருங்கள். அவை ஜோடி ஜோடியாக மட்டும் பிடித்தால், பிரஷ்கள் வரிசையாக நீளும், பாகுநிலை கூடும், ஆனால் வலை உருவாகாது. பிணைப்பின் பலத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அதை எங்கே வைக்கிறோம் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

பலவீனமான பிணைப்புகளால் தூரிகையைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு நம் மூட்டுக் குருத்தெலும்பிலும் உண்டு. சர்க்கரைச் சங்கிலிகள் மயிர்போல் நிற்கும் அக்ரிகன் என்ற புரதமே ஒரு தூரிகை. அது ஹயலுரோனிக் அமிலச் சங்கிலியில் சகப்பிணைப்பு (கார்பன்-கார்பன் போன்ற வலுவான பிணைப்பு) ஏதுமின்றி உட்கார்ந்திருக்கிறது, ஒரு இணைப்புப் புரதம் அதை அழுத்திப் பிடிக்கிறது.

அப்புறம், தலைகீழாகவும் செய்யலாம். இக்காலா, டென் பிரிங்கே என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 1998இல் பக்கச் சங்கிலிகளையே முதுகுச் சங்கிலியில் ஹைட்ரஜன் பிணைப்பால் மாட்டினார்கள். பக்கச் சங்கிலியாக எடுத்துக்கொண்ட பென்டாடெசில்பீனால் என்ற சேர்மத்தை முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து தயாரிக்க முடியும்! அங்கே சூடு ஏறினால் பிடி தளர்வதோடு நிற்காது. மயிர்கள் கழன்று, பிரஷ்ஷே பிரஷ்ஷாக இருக்காது.