கேளுங்கள்: போர்க்காலக் கரி பஸ்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது கரியில் பஸ் ஓடியது உண்மையா? நம் பக்கத்து மூட்டக் கரி (விறகை அடுக்கி மண்ணால் மூடிச் சுட்டெடுக்கும் கரி) அதற்கு ஆகுமா?
- வாசகர், சாயல்குடி

பதில்: உண்மைதான். 1941இல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. நிலக்கரியோ வடக்கே வங்காளத்து ராணிகஞ்ச், பீகாரின் ஜாரியா சுரங்கங்களிலிருந்து வரவேண்டும். கப்பலும் வேகனும் போருக்குப் போய்விட்டன. (நெய்வேலி அப்போது தோண்டப்படவே இல்லை.) நிலக்கரி வெட்டவும் ஆள் தட்டுப்பாடு; 1943இல் பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்க இருந்த தடையையே நீக்கினார்கள். அதனால்தான் பஸ் மரக்கரிக்கு மாறியது.

பஸ்ஸின் பின்னால் உருளை அடுப்பு. கரியைப் போட்டுப் பற்றவைத்து, கையால் விசிறியைச் சுற்றினால் கார்பன் மோனாக்சைடு வாயு கிளம்பும். அதைக் குளிரவைத்து, தூசி வடிகட்டி, எஞ்சினுக்கு அனுப்புவார்கள். அந்த வாயுவில் பாதியளவு எரியாத நைட்ரஜன் என்பதால் இழுவை குறையும். மேடு கண்டால் திணறும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரி. மூடிய கொட்டகையில் பற்றவைப்பது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடு நச்சு, அதற்கு வாசனையும் கிடையாது.

சீமைக்கருவேலக் கரி கனமானது, தாராளமாக ஆகும். வில்லங்கம் மணலில்தான். மூட்டத்தை மூடிய மண் கரியோடு சேர்ந்தால், சாம்பலோடு உருகிக் கண்ணாடிக் கட்டியாகி அடுப்பை அடைக்கும். சலித்தே போடவேண்டும். வெள்ளைப் புகை மெலிந்து நீலமாகுமுன் மூட்டத்தை அடைத்தால் கட்டை அரைவேக்காடு. அதன் தார் வால்வில் ஒட்டும். கடற்காற்று அடிக்கும் பக்கம் விரிசல் விட்டால் அங்கே கரியில்லை, சாம்பல்தான்.