தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்களுக்கு ஏன் ஒரு கோட்டை?

தரங்கம்பாடிக்குப் போகிற பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும். அங்கே டென்மார்க்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் என்பது வணிகக் கோட்டை. மன்னர் வாழ்ந்த அரண்மனைக் கோட்டை இல்லை. சரக்கைப் பத்திரமாக வைத்து, கப்பல் வந்ததும் ஏற்றி அனுப்பக் கட்டிய இடம்.

காரணம் மிளகு. அன்று ஐரோப்பாவில் அதற்கு அப்படி ஒரு கிராக்கி. போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர் லாபம் பார்ப்பதைக் கண்ட டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் கப்பல்களை அனுப்பினார். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக் குத்தகைக்கு ஊரை வாங்கினார்கள். நாயக்கருக்கும் அது லாபம்தான்: வருமானமும் வரும், போர்ச்சுக்கீசியருக்குப் போட்டியும் கிடைக்கும்.

கடைத்தெருவில் கீழே குடோன், மேலே முதலாளி வீடு என்று இருக்குமே, கோட்டையின் அமைப்பும் அதேதான். வளைவுக் கூரை போட்ட கீழ்த்தள அறைகளில் சரக்கும் வெடிமருந்தும் கைதிகளும், மேல்தளத்தில் ஆளுநர். செங்கல்லும் சுண்ணாம்புமாய் எழும்பிய இந்தச் சுவர்கள் இத்தனை காலம் உப்புக்காற்றைத் தாங்குவது பெரிய விஷயம். பக்கத்திலேயே, 1306இல் பாண்டியர் காலத்தில் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதையும் அவசியம் பாருங்கள். அப்புறம், ராஜவீதி முகப்பில் உள்ள 1792ஆம் ஆண்டு நுழைவாயிலில் டென்மார்க் அரச முத்திரை இன்றும் இருக்கிறது.

இதை வெள்ளைக்காரன் கோட்டை என்று சொல்லி, ஆங்கிலேயர் கட்டியதாகவே பலர் நினைக்கிறார்கள். அவர்கள் 1845இல்தான் டென்மார்க்கிடமிருந்து இந்த ஊரை விலைக்கு வாங்கினார்கள்.