ஊசி போட்ட பிள்ளைக்கும் அம்மை வந்தால்...

தடுப்பூசியின் பலனை எப்படி அளக்கிறார்கள் என்று செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்குத் தொற்றுநோயியல் துறையினர் பதில் தருகிறார்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் தட்டம்மை வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள்தான். அப்புறம் ஊசியால் என்ன பலன்?
– வாசகி, தேவகோட்டை

படுத்த பிள்ளைகளை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். படுக்காத பிள்ளைகளையும் எண்ண வேண்டும். கணக்குக்காக 400 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை வைத்துக்கொள்வோம். 380 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள், 20 பேர் ஒன்றுமே போடாதவர்கள். தட்டம்மை நுழைகிறது. போடாத 20 பேரில் 18 பேருக்கும், போட்ட 380 பேரில் 19 பேருக்கும் வருகிறது. மொத்தம் 37 பேர், அதில் 19 பேர் ஊசி போட்டவர்கள். நீங்கள் சொன்ன மாதிரியே பாதிக்கு மேல்.

இப்போது விகிதத்தைப் பாருங்கள். போடாதவர்களில் நூற்றுக்கு 90 பேர் படுத்தார்கள், போட்டவர்களில் நூற்றுக்கு 5 பேர்தான். 5ஐ 90ஆல் வகுத்து, வருவதை 1இலிருந்து கழித்தால் 0.94. அதாவது, ஊசி நோய் வரும் வாய்ப்பை 94 சதவீதம் குறைத்திருக்கிறது. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் ஊசி போட்டுவிட்டால், அதன் பிறகு யாருக்கு நோய் வந்தாலும் அவர் ஊசி போட்டவராகத்தான் இருப்பார். அதை ஊசியின் தோல்வி என்று படித்தவர்களே வாட்ஸ்ஆப்பில் பரப்புவது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

போட்டும் ஏன் 19 பேருக்கு வந்தது என்பது நியாயமான கேள்வி. அரசு அட்டவணையில் தட்டம்மை–ருபெல்லா ஊசியின் முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். 9 மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில குழந்தைகளின் உடலில் இன்னும் மிச்சமிருக்கும். அது ஊசியில் இருக்கும் வலுக்குறைந்த கிருமியை அழித்துவிடும். அதனால் அந்த வயதில் போட்டால் நூற்றுக்குச் சுமார் 85 குழந்தைகளுக்குத்தான் பிடிக்கும். இரண்டாவது தவணை, முதல் ஊசி பிடிக்காமல் போன அந்தக் குழந்தைகளுக்காகத்தான். ‘ஒன்று போட்டாச்சே’ என்று விட்டுவிடக் கூடாது.

இன்னொரு காரணம் மருந்தைக் கையாளும் முறை. இது தூளாக வரும் மருந்து. கூடவே வரும் திரவத்தில் கலந்த பிறகு 4 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கலக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். கலக்கும் திரவமும் குளிர்ந்திருக்க வேண்டும். வெயிலும் வெளிச்சமும் இதற்கு ஆகாது. ஆகவே நோய் பரவும்போது விசாரிக்கிறவர்கள், படுத்த பிள்ளைகள் எந்தத் தேதியில், எந்த முகாமில் ஊசி போட்டார்கள் என்று வரிசைப்படுத்திப் பார்ப்பார்கள். பல முகாம்களில் போட்டவர்கள் சிதறி இருந்தால் அது எதிர்பார்த்ததுதான். ஒரே நாள், ஒரே முகாம் என்று குவிந்தால், அந்த நிலையத்துக் குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். கலந்த நேரம் குப்பியில் எழுதியிருக்கிறதா என்று பெற்றோர் கேட்கலாம். நல்ல செவிலியர் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

மகள் தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்தாள். மூன்றாம் மாதம் கோயம்புத்தூர் போகிறாள். ஊசி அட்டை தொலைந்தால் பெரிய சிக்கலா?
– வாசகர், காரைக்குடி

சிக்கல்தான், குழந்தைக்கு மட்டுமல்ல. பிறந்த ஊரில் முதல் ஊசிகள், அப்பா ஊரில் மிச்ச ஊசிகள் என்பது செட்டிநாட்டு வீடுகளில் வழக்கம். பிறகு அட்டை இங்கே பீரோவில் தங்கிவிடும், பிள்ளை அங்கே பள்ளியில் சேரும். அங்கே நோய் பரவினால் ‘அட்டை இல்லை’ என்ற பிள்ளையைப் போடாதவர் பட்டியலில் சேர்த்துவிடுவது உண்டு.

அதன் விளைவை மேலே சொன்ன பள்ளியிலேயே பார்க்கலாம். ஊசி போட்ட 380 பேரில் 40 பேருக்கு அட்டை இல்லை, அவர்களில் 2 பேர் படுத்தார்கள் என்று வையுங்கள். அவர்களைப் போடாதவர்களாக எண்ணினால், போடாதவர்கள் 60 பேர், படுத்தவர்கள் 20 பேர். போட்டவர்கள் 340 பேர், படுத்தவர்கள் 17 பேர். ஊசியின் பலன் 94இலிருந்து 85 சதவீதமாக இறங்கிவிடும். மருந்து அதேதான், பிள்ளைகளும் அவர்களேதான். குறைந்தது காகிதத்தில் மட்டும்.

எனவே தாய்–சேய் அட்டையின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, அப்பா அம்மா இருவர் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப் பதிவின்போது கொடுத்த பிக்மி எண்ணையும் குறித்து வையுங்கள். கோயம்புத்தூர் போனதும் அந்தப் பகுதி நகர்ப்புறச் செவிலியரிடம் காட்டிப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

அம்மை கண்டால் வேப்பிலை கட்டி வீட்டோடு வைத்துக்கொள்கிறோம். ரத்தம் எடுக்க வேண்டும் என்று செவிலியர் வற்புறுத்துகிறார். எதற்கு?
– வாசகி, பள்ளத்தூர்

வீட்டோடு வைத்திருப்பது நல்ல வழக்கம். பிள்ளை தனிமையில் இருக்கும், நோய் அடுத்த வீட்டுக்குப் போகாது. அம்மனுக்கு வேண்டிக்கொள்வதற்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எந்த முரணும் இல்லை.

தடிப்போடு காய்ச்சல் வந்தால் அது தட்டம்மையாக இருக்கலாம், ருபெல்லாவாக இருக்கலாம், வேறு வைரஸாகவும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள். சோதிக்காமல் எல்லாவற்றையும் ‘அம்மை’ என்று எழுதினால் கணக்கு கெடும். அதே பள்ளியில் வேறு காய்ச்சலும் தடிப்பும் வந்த 40 பிள்ளைகளைத் தட்டம்மையில் சேர்த்துவிட்டோம், அவர்களில் 38 பேர் ஊசி போட்டவர்கள் என்று வையுங்கள். போட்டவர்களில் 57 பேர், அதாவது 15 சதவீதம். போடாதவர்களில் 20க்கு 20. பலன் மறுபடியும் 85 சதவீதத்துக்கு வந்து நிற்கும்.

தடிப்பு கண்ட 4ஆம் நாள் முதல் 28ஆம் நாள் வரை ரத்தம் எடுத்தால் முடிவு நம்பகமாக இருக்கும். தொண்டைச் சளி எடுப்பதானால் முதல் வாரத்துக்குள். தட்டம்மைதான் என்றால் மருத்துவர் சொல்லும் அளவில் வைட்டமின் ஏ இரண்டு நாள் அடுத்தடுத்துக் கொடுக்க வேண்டும். அது கண்ணைக் காப்பாற்றும், நோய் முற்றுவதைத் தடுக்கும்.

அரசு ஊசி எல்லாம் போட்டும் பேத்திக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டதே?
– வாசகர், கானாடுகாத்தான்

அரசு அட்டவணையில் இருப்பது தட்டம்மை–ருபெல்லா ஊசி. பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து அதில் இல்லை. அது சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசியைத் தனியாரிடம்தான் போட வேண்டும். சின்னம்மை ஊசியும் அப்படித்தான்.

கையில் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறது. பெரியவருக்குக் காசநோய் வராது என்று நம்பலாமா?
– வாசகர், புதுவயல்

நம்ப முடியாது. இதை உலகுக்குச் சொன்னதே நம் பழைய செங்கற்பட்டு மாவட்டம்தான். 1968இல் அங்கே தொடங்கிய ஆய்வில் 2½ லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பி.சி.ஜி. அதிக அளவு, குறைந்த அளவு, மருந்தில்லாத வெற்று ஊசி என்று மூன்று வகையாகக் குலுக்கல் முறையில் பிரித்துப் போட்டார்கள். 15 ஆண்டு தொடர்ந்து பார்த்தும் பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் இருக்கும் காசக்கிருமியின் உறவுக் கிருமிகள் நம் உடலுக்கு முன்பே பழகிவிடுவதை ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

பிறந்த குழந்தைக்கு மட்டும் கட்டாயம் போட வேண்டும். மூளைக் காய்ச்சலாகவும் உடம்பெங்கும் பரவியும் சிசுக்களைக் கொல்லும் காசநோயிலிருந்து அது காக்கிறது. ஆக, ‘பலன் எத்தனை சதவீதம்’ என்று கேட்கும்போது எந்த வயதில், எந்த வடிவ நோய்க்கு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பெரியவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் தழும்பைப் பார்க்காமல் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அப்பத்தாவுக்கு ஃப்ளூ ஊசி போட்டோம். போடாதவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள் என்று படித்தேன். அந்தக் கணக்கு சரியா?
– வாசகி, கோட்டையூர்

நேராக எடுத்துக்கொள்ளக் கூடாது. நடமாட்டமுள்ள, பிள்ளைகள் கூட்டிப்போகிற முதியவர்தான் பெரும்பாலும் ஊசி போட வருகிறார். படுத்த படுக்கையாக இருப்பவர் வருவதில்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஃப்ளூ பரவும் காலம் தொடங்குவதற்கு முன்பே ஊசி போட்டவர்கள் குறைவாக இறந்தது தெரிந்தது. இன்னும் வராத காய்ச்சலிலிருந்து ஊசி எப்படிக் காப்பாற்றும்? அங்கே தெரிந்தது ஊசியின் பலன் அல்ல, முன்பே இருந்த உடல்நலம்.

இதைச் சமாளிக்க, ஒரே மாதிரிக் காய்ச்சலோடு ஒரே காலத்தில் மருத்துவமனைக்கு வந்த எல்லாரையும் சோதிக்கிறார்கள். ஃப்ளூ உறுதியான 200 பேரில் 10 பேர் ஊசி போட்டவர்கள், 190 பேர் போடாதவர்கள் என்போம். ஃப்ளூ இல்லை என்று வந்த 300 பேரில் 30 பேர் போட்டவர்கள், 270 பேர் போடாதவர்கள். 10/190ஐ 30/270ஆல் வகுத்து 1இலிருந்து கழித்தால் பலன் சுமார் 53 சதவீதம். இரு பக்கமும் மருத்துவமனையை நாடி வந்தவர்களே என்பதால் ஒப்பீடு நியாயமாகிறது. ஊசி போட்டு 14 நாள் ஆகாதவர்களை ‘போட்டவர்’ பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் ஆகும். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் அப்பத்தாவுக்கு ஆண்டுதோறும் போடுங்கள்.

வெறிநாய்க்கடி ஊசியை, போடாதவர்களோடு ஒப்பிட்டா சோதித்தார்கள்?
– வாசகர், திருப்பத்தூர்

அப்படிச் சோதிக்கவே கூடாது. அறிகுறி தொடங்கிவிட்டால் ஏறக்குறைய எல்லாரும் இறந்துவிடும் நோய் இது. ஊசி இல்லாத குழு ஒன்றை வைத்துப் பார்ப்பது கொலைக்குச் சமம். ஈரானில் வெறிபிடித்த ஓநாயும் நாயும் கடுமையாகக் கடித்த 45 பேருக்குப் புதுவகை ஊசியும் எதிர்ச்சீரமும் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புச் சக்தி கொண்ட மருந்து) கொடுத்தார்கள், 45 பேரும் பிழைத்தார்கள். 1976இல் அது வெளியானது. சும்மா விட்டால் அவர்களில் பலர் இறந்திருப்பார்கள் என்பது முந்தைய அனுபவத்தில் தெரிந்திருந்ததால் அதுவே போதுமான சான்றாயிற்று.

போட்டும் இறந்தவர்களைப் பற்றி விசாரித்தால் பெரும்பாலும் தெரிவது இதுதான்: காயத்தைக் கழுவவில்லை, அல்லது தாமதமாக வந்தார்கள், அல்லது எதிர்ச்சீரம் போடவில்லை. கடித்தவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் 0.1 மில்லி. ரத்தம் வரும்படி கடித்திருந்தால் முதல் நாளிலேயே காயத்துக்குள்ளும் சுற்றிலும் எதிர்ச்சீரம் செலுத்தச் சொல்லிக் கேளுங்கள். போன இடத்தில் அது இருப்பில் இல்லை என்றால் காத்திருக்காமல் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள்.