கடை போர்டு துடைக்கும் தொழில் தொடங்குகிறேன் என்று பிள்ளை சொன்னால்

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் கலந்து கிடக்கின்றன, அம்மா. பட்டம் வாங்கப்போகிற மகன் கடைகளின் பெயர்ப்பலகைகளையும் முகப்பையும் கழுவித் துடைக்கும் தொழில் தொடங்குகிறேன் என்கிறான், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்பது ஒன்று. ஏணியிலிருந்து விழுந்து வைத்தால் என்ன செய்வது என்பது இன்னொன்று. முதலாவதற்கு என்னிடம் மருந்து இல்லை. பேசுகிறவர்கள் எதற்கும் பேசுவார்கள். இரண்டாவது நியாயமான பயம். அதைத் தீர்த்துக்கொள்ளும் வழியில்தான் இந்தத் தொழிலின் வருமானமும் இருக்கிறது.

உயரத்திலிருந்து விழுவது வேலையிட மரணங்களுக்குப் பல நாடுகளில் முக்கியக் காரணம். விழ பத்து மாடி வேண்டியதில்லை, சாதாரண ஏணியே போதும். ஏணியில் ஏறுபவர் இரண்டு கால், ஒரு கை என்று மூன்று இடத்தில் பிடிமானம் வைத்திருக்க வேண்டும். தேய்க்கிற வேலையில் ஒரு கையில் துணி, இன்னொரு கையில் வாளி என்றாகிவிடுகிறது. நாலடி உயரத்துக்கு ஏணியின் அடி சுவரிலிருந்து ஓரடி தள்ளி என்ற கணக்கில், அதாவது ஏறக்குறைய 75 டிகிரியில் ஏணியைச் சாய்க்க வேண்டும் என்பதை அவன் மனப்பாடமாகச் சொல்லலாம். ஈரத் தரையில் அது மட்டும் காப்பாற்றாது.

ஆனால் பெரும்பாலான கடை போர்டுகள் தரைத்தளக் கதவுக்கு மேலேதான் இருக்கின்றன. நுனியில் பிரஷும் உள்ளே தண்ணீர்க் குழாயும் உள்ள நீளக் கம்பை வைத்துத் தரையில் நின்றபடியே அவற்றைக் கழுவிவிடலாம். இதற்கு உப்பு நீக்கிய தண்ணீர் வேண்டும். ஆர்ஓ, அதன் பிறகு மிச்ச உப்பைப் பிடிக்கும் ரெசின் வடிகட்டி என்று போய், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 10 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு) கீழே வந்தால், துடைக்காமல் விட்டாலும் திட்டுத்திட்டாய் வெள்ளைக் கறை விழாமல் காயும். உப்புத் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் சுண்ணாம்புப் புள்ளி நிற்கும், கடைக்காரர் அன்றைக்கே கூப்பிடுவார். ஒரு எச்சரிக்கை. கார்பன் ஃபைபர் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். கம்பை நீட்டும் முன் தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று பார்க்கும் பழக்கம் முதல் நாளிலேயே வர வேண்டும்.

முதல் ஒன்றிரண்டு ஆண்டு கம்பு எட்டாத வேலையை அவன் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கயிற்றில் தொங்கிக் கட்டட முகப்பைக் கழுவுவது தனித் தொழில். கயிற்று வேலைக்கான சர்வதேசச் சங்கமான இராட்டா (IRATA) போன்ற அமைப்புகள் அதற்கு மூன்று நிலைகளில் சான்றிதழ் தருகின்றன. முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்குப் போகவே குறைந்தது 12 மாதமும் 1,000 மணி நேரக் கயிற்று வேலையும் காட்ட வேண்டும். விருப்பம் இருந்தால் பிறகு முறையாகப் போகட்டும். வாடகைக் கயிற்றோடு ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு போனான் என்று கேள்விப்பட்டால், அன்று நீங்கள் குறுக்கே நிற்கலாம்.

சரி, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது. தண்ணீரும் துணியும்தானே என்று இறங்குகிறவர்கள் அடிவாங்குவது உயரத்தில் அல்ல, போர்டு எந்தப் பொருளால் ஆனது என்பதில். பளபளக்கும் அக்ரிலிக் எழுத்தின் மேல் அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரையோ ஸ்பிரிட்டையோ அடித்தால் மயிரிழை விரிசல் விழும். அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. அதே அக்ரிலிக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் மேலே கிடக்கும் தூசியே கீறலாகிவிடும், முதலில் தண்ணீர் விட்டுத் தூசியை இறக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எழுத்தில் கழிப்பறை ஆசிட் பட்டால் குழி குழியாய் அரிக்கும். இரும்பு நாரால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் இரும்புத்துகள் சில நாளில் துருப்பிடித்து, ஸ்டீலே துருப்பிடித்தது போலக் காட்டும். பித்தளை எழுத்துக்கு லாக்கர் என்ற நிறமற்ற காப்புப் பூச்சு இருந்தால் பாலிஷ் போடக்கூடாது. அனோடைஸ் செய்த, அதாவது மின்முறையில் மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய அலுமினியம் ஆசிடையும் தாங்காது, காரத்தையும் தாங்காது. ஃப்ளெக்ஸில் தின்னர் பட்டால் அச்சு மை துணியோடு வந்துவிடும்.

விளக்குப் பெட்டி போர்டு இன்னும் நுணுக்கமானது. உள்ளே சேரும் ஈரம் வடிய அடியில் சிறு துளைகள் இருக்கும். கீழே நின்று பிரஷர் வாஷரை மேல்நோக்கி அடித்தால் அந்தத் துளை வழியே தண்ணீர் உள்ளே ஏறும், ஓரம் தூக்கிய வினைல் ஸ்டிக்கரும் கிழிந்து வரும். தூசியும் தண்ணீரும் புகாத அளவைக் குறிக்கும் ஐபி65 என்று போர்டில் எழுதியிருக்கிறதே என்பான். அது தூசிக்கும் சாதாரணத் தண்ணீர்ப் பாய்ச்சலுக்கும் சொன்னது. கைக்கெட்டும் தூரத்து பிரஷர் வாஷருக்கோ, வெயிலில் இறுகிப்போன பழைய ரப்பர் அடைப்புக்கோ சொன்னதல்ல. எந்த விளக்கு போர்டானாலும் மின் இணைப்பைத் துண்டித்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி சுவிட்சைப் பூட்டிவிட்டுத்தான் தொட வேண்டும். நியான் குழாய் போர்டின் மின்மாற்றி ஆயிரக்கணக்கான வோல்ட் தருவது. அதைத் தொடக்கத்தில் மறுத்துவிடுவதே நல்லது. பாசிக்குப் பிளீச்சிங் பயன்படுத்தலாம், ஆனால் ஆசிட் இருக்கும் வாளியில் அதை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். பாட்டில்களில் பெயர் எழுதி ஒட்டாத ஆளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதையெல்லாம் எங்கே படிப்பது? துப்புரவு நிறுவனத்தில் சேரச் சொல்வதைவிட, பெயர்ப்பலகை செய்யும் பட்டறையில் மூன்று நான்கு மாதம் பகுதிநேரமாக இருக்கச் சொல்வேன். எழுத்தை எப்படி ஒட்டுகிறார்கள், வயர் எங்கே போகிறது, எது உரியும் என்பது செய்கிறவர் கையில்தான் தெரியும். அதோடு போர்டு மாட்டிக்கொடுத்த கடைகளுக்கு யாரைக் கூப்பிடுவது என்று பட்டறைக்காரரிடம்தான் முதலில் கேட்பார்கள். படிப்பை நிறுத்த வேண்டாம். இந்த வேலை கடை திறக்கும் முன்பே, அதிகாலையில் முடிந்துவிடும். வெயில் ஏறினால் போர்டு சூடாகிச் சோப்பு காய்ந்து கோடு விழுவதால், நேரத்தோடு முடிப்பதுதான் வேலைக்கும் நல்லது.

இனி பணம். ஒரு முறை துடைத்துவிட்டுப் போகிற வேலையில் அலைச்சல்தான் மிஞ்சும். ஒரே தெருவில் அடுத்தடுத்து வாடிக்கை பிடிப்பதில்தான் வருமானம். 30 கடைகள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 120 வேலைகள், மாதத்துக்குப் பத்து. தெரு ஒன்றுதான் என்றால் குழாயை விரிக்கும் நேரமும் வண்டியில் போகும் நேரமும் பங்காகிவிடும். வாடிக்கையில் துடைத்துவரும் போர்டில் அழுக்கு இறுகாது, இரண்டாம் முறையிலிருந்து வேலை பாதி நேரத்தில்கூட முடியலாம். அதனால் முதல் முறைக்குக் கூடுதலாகவும் வாடிக்கைக்குக் குறைவாகவும் விலை சொல்வது இரு தரப்புக்கும் நியாயம். விலை போடும்போது துடைக்கிற நேரத்தை மட்டும் எண்ணாமல் பயணம், தண்ணீர் வடிகட்டும் செலவு, மழையால் தள்ளிப்போகும் நாட்கள் எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். பக்கத்துக்காரன் விலையைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்வது கணக்குப் போடும் முறை அல்ல.

வெயிலில் வெளுத்த நிறத்தை எந்தக் கிளீனரும் திருப்பித் தராது. துணியில் நிறம் பொடியாய் ஒட்டினால் அது அழுக்கல்ல, பெயிண்டே உதிர்கிறது. இதை வேலைக்கு முன் சொன்னால் அறிவுரை, பின்னால் சொன்னால் சாக்கு. ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்ப்பது, முன்னும் பின்னும் படம் எடுப்பது, ஏற்கெனவே இருக்கும் விரிசலைக் கடைக்காரருக்குக் காட்டி ஒப்புதல் வாங்குவது, மூன்றும் பழக்கமாக வேண்டும். பிறர் சொத்துக்குச் சேதம் வந்தால் ஈடுகட்டும் காப்பீடு எடுத்த பிறகே முதல் வேலை. கழுவிய தண்ணீர் மழைநீர் வடிகாலில் போகலாமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

முதலீடாக நீங்கள் தரப்போவது எவ்வளவு என்று எழுதவில்லை. எவ்வளவானாலும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். முதலில் கம்பு, வடிகட்டி, மைக்ரோஃபைபர் துணி, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, இவை போதும். பிரஷர் வாஷர் கேட்பான், எல்லாப் பையன்களும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். தரையும் கல்சுவரும் கழுவும் வேலை தொடர்ந்து வரும்வரை அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும். அப்புறம் வரவு செலவு நோட்டை மாதம் ஒரு முறை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். அதில் வாடிக்கைக் கடைகளின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆறு மாதத்தில் அது அசையவே இல்லையென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.