ஸ்பைடர்மேனா, டூம்ஸ்டேயா, சூப்பர்கேர்ளா? மதுரை ரசிகர்களுக்கு பதில்கள்

2026இல் மூன்று பெரிய சூப்பர் ஹீரோ படங்களுக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். ஜூன் 26இல் சூப்பர்கேர்ள், ஜூலை 31இல் ஸ்பைடர்மேன்: பிராண்ட் நியூ டே, டிசம்பர் 18இல் அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இவற்றைப் பற்றியவை. நான் மதுரை–ராமநாதபுரம் விநியோக ஏரியாவில் வசூல் கணக்குப் பார்த்தவன். தொழிலில் இதை எம்.ஆர். ஏரியா என்போம். தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை எல்லாம் இதற்குள் அடக்கம். உலக வசூலைப் பேசும் ஆர்வம் எனக்கும் உண்டு. ஆனால் வாடிப்பட்டியில் மாலைக் காட்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் எனக்கு நிறைவு.

அண்ணே, மூன்றில் எது அதிகம் வசூலிக்கும்? டூம்ஸ்டே, 2019இல் வந்த அவெஞ்சர்ஸ்: எண்ட்கேமை முந்துமா? (கல்லூரி மாணவர், திருமங்கலம்)

உலக அளவில் டூம்ஸ்டே முதலிடம், ஸ்பைடர்மேன் இரண்டாமிடம், சூப்பர்கேர்ள் வெகு தூரத்தில் மூன்றாமிடம். இந்த வரிசையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எண்ட்கேமை முந்தும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எண்ட்கேம் 2019இல் உலகம் முழுவதும் கிட்டத்தட்ட 280 கோடி டாலர் ஈட்டியது. 2008இல் அயர்ன்மேனில் தொடங்கிய கதைக்கு அது 22ஆவது படம். முந்தைய ஆண்டு இன்ஃபினிட்டி வார் பாதி உலகத்தைச் சாம்பலாக்கிவிட்டு நடுவழியில் நிறுத்தியிருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு வருடம் காத்துக்கிடந்தார்கள். டூம்ஸ்டேக்கு முன்னால் அப்படியொரு காத்திருப்பு உருவாகவில்லை. 2025இல் வந்த மார்வெல் படங்களில் அதிகம் ஈட்டிய ஃபென்டாஸ்டிக் ஃபோரே சுமார் 52 கோடி டாலரில் நின்றுவிட்டது.

இன்னொரு காரணம் சீனா. எண்ட்கேம் அங்கே மட்டும் 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இப்போது ஹாலிவுட் படங்களுக்கு அங்கே பழைய வரவேற்பு இல்லை. அந்தப் பள்ளத்தை வேறு எந்த நாடும் நிரப்ப முடியாது. அயர்ன்மேனாக நடித்த ராபர்ட் டவுனி இப்போது வில்லன் டாக்டர் டூமாகத் திரும்புவதும், எண்ட்கேமை இயக்கிய ரூஸோ சகோதரர்கள் இயக்குவதும் பெரிய பலம்தான். என் கணிப்பு, 200 கோடி டாலரை ஒட்டி நிற்கும்.

சரி அண்ணே, நம்ம மதுரையில்? (அதே மாணவர்)

மதுரையில் ஸ்பைடர்மேன்தான்.

முதல் மூன்று நாள் கூட்டத்தில் டூம்ஸ்டே ஜெயிக்கும், அதை மறுக்கவில்லை. மொத்த ஓட்டத்தில் பின்தங்கிவிடும். டூம்ஸ்டேயை ரசிக்கப் பழைய படங்கள் பலவற்றைப் பார்த்திருக்க வேண்டும். எக்ஸ்மென் படங்களின் நடிகர்கள் வேறு வருகிறார்கள். ஸ்பைடர்மேனுக்கு அந்த முன்படிப்பு தேவையில்லை. சிலந்தி கடித்த பையன், முகமூடி, கூரைக்குக் கூரை தாவல் என்று ஆறு வயதுக் குழந்தைக்கும் கதை தெரியும். குழந்தை கேட்டால் அப்பா, அம்மா, சில வீடுகளில் பாட்டியும் வருவார்கள். ஒரு ரசிகருக்கு ஒரு டிக்கெட், ஒரு குழந்தைக்கு நான்கு டிக்கெட் என்பது தியேட்டர்காரர்கள் அனைவரும் அறிந்த கணக்கு.

தேதியும் சாதகம். ஜூலை 31 என்பது நடு ஆடி. முகூர்த்தம் கிடையாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீடு என்று குடும்பங்கள் கிளம்பிப் போகாது. அடுத்து சுதந்திர தின வாரம்வரை ஓரளவு திறந்த வெளி கிடைக்கும். அந்த வாரத்தைப் பெரிய படங்கள் விடுவதில்லை. 2025 ஆகஸ்ட் 14இல் கூலியும் வார் 2வும் ஒன்றாக வந்தது நினைவிருக்கும்.

டிசம்பர் 18 அப்படியில்லை. பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நடக்கும் நேரம், விடுமுறை கிறிஸ்துமஸை ஒட்டித்தான் ஆரம்பிக்கும். மார்கழி பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் சினிமாவைத் தவிர்க்கும் காலம். எங்கள் ஏரியாவில் இது சின்ன எண்ணிக்கை இல்லை. மண்டல பூஜை முடிந்து கூட்டம் திரும்பும்போது படத்துக்கு இரண்டாவது வாரம் ஓடிக்கொண்டிருக்கும். பொங்கல் வந்தால் திரைகள் தமிழ்ப் படங்களுக்குப் போய்விடும்.

டூம்ஸ்டேயும் டியூன் மூன்றாம் பாகமும் ஒரே நாளில் வருகின்றனவே, சார்? ஐமேக்ஸில் எதைப் பார்ப்பது? (ஐ.டி. ஊழியர், கே.கே. நகர்)

ஐமேக்ஸ் என்ற ராட்சதத் திரையில் என்றால் டியூன்தான். அந்தத் திரைகளை டியூன் முன்கூட்டியே பிடித்துவிட்டது. ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த படம் என்பதால் அதற்கு நியாயமும் இருக்கிறது. அமெரிக்காவில் இது டூம்ஸ்டேக்கு உண்மையான இழப்பு, ஏனென்றால் அங்கே அதிக விலை டிக்கெட் விற்பது அந்தத் திரைகளில்தான். நமக்கு எப்படியும் கோவைக்கோ, சென்னைக்கோ, திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும். பஸ் செலவைப் போடுவதானால் டியூனுக்குப் போடுங்கள். டூம்ஸ்டேயை விஷால் டி மாலிலோ வெற்றியிலோ கூட்டத்தோடு பாருங்கள். அந்தப் படத்துக்குக் கைதட்டல்தான் முக்கியம்.

ஒரே படத்துக்கு ஒருவர் 370 கோடி என்கிறார், இன்னொருவர் 440 கோடி என்கிறார். யாரை நம்புவது? (பழங்காநத்தம்)

இருவரும் சரியாகச் சொல்லியிருக்கலாம். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ரசிகர்களின் சண்டையில் பாதி இதில்தான் பிறக்கிறது.

பார்வையாளர் கவுண்டரில் கொடுக்கும் மொத்தப் பணம் கிராஸ். அதில் ஜி.எஸ்.டி.யையும், தமிழ்நாட்டில் கூடுதலாக உள்ள உள்ளாட்சி கேளிக்கை வரியையும் கழித்தால் நெட். அந்த நெட்டில் தியேட்டர் தன் பங்கை எடுத்துக்கொண்டு விநியோகஸ்தருக்குத் தருவது ஷேர். எண்ட்கேமின் இந்திய நெட் சுமார் 370 கோடி ரூபாய், கிராஸ் அதைவிட அறுபது எழுபது கோடி அதிகம். ஒருவர் தன் படத்துக்கு கிராஸையும் எதிராளியின் படத்துக்கு நெட்டையும் போட்டுப் பேசினால் விடிய விடிய விவாதிக்கலாம், முடிவு வராது.

தியேட்டரிலிருந்து ஒவ்வொரு இரவும் டி.சி.ஆர். என்றொரு தாள் வரும். அன்றாட வசூல் அறிக்கை. காலை, பகல், மாலை, இரவு என்று காட்சிகள் ஒருபுறம். வகுப்பு, விலை, விற்ற டிக்கெட், வரி, நெட் என்று கட்டங்கள் மறுபுறம். நான் முதலில் பார்ப்பது பணத்தை அல்ல, திங்கட்கிழமை மாலைக் காட்சியில் விற்ற டிக்கெட் எண்ணிக்கையை. வெள்ளியும் சனியும் ரசிகர்களின் நாள். ஞாயிறு எல்லாப் படத்துக்கும் ஓரளவு வரும். திங்கட்கிழமை வேலை முடிந்த பிறகும் ஒருவர் கிளம்பி வருகிறார் என்றால், யாரோ அவரிடம் படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று டிக்கெட் விலை. தமிழ்நாட்டில் அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மும்பை மல்டிபிளெக்ஸில் ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்கு விற்கும் இருக்கை இங்கே இருநூறைத் தாண்டாது. 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், அதற்கு மேல் 18. ஆகவே மும்பையில் ஒரு கோடி, எம்.ஆர். ஏரியாவில் ஒரு கோடி என்று இரண்டு எண்களைப் பார்த்தால், நம் கோடிக்குப் பின்னால் இரண்டு மூன்று மடங்கு மனிதர்கள் இருக்கிறார்கள். கோடிக் கணக்கில் நம் ஊர் பின்வரிசையில் தெரிவதைப் பார்த்து, இங்கே ஹாலிவுட் படம் பார்க்க ஆளில்லை என்று எழுதுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

எட்டு வயது, பன்னிரண்டு வயது என இரண்டு பிள்ளைகள். எதற்குத் தைரியமாக அழைத்துப் போகலாம், சார்? (ஒரு தாய், அனுப்பானடி)

மூன்று படங்களுக்குமே வெளியீட்டுக்குச் சற்று முன்னர்தான் தணிக்கைச் சான்றிதழ் தெரியும். இப்போது யு/ஏ என்பதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அது பெற்றோருக்கான அறிவுரை, நீங்கள் உடன் இருந்தால் அனுமதிப்பார்கள். 'ஏ' சான்றிதழ் என்றால் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியே இல்லை. 2024இல் டெட்பூல் & வோல்வரினுக்கு அதுதான் கிடைத்தது. டிக்கெட் எடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள் அம்மா. ஸ்பைடர்மேனில் இந்த முறை பனிஷரும் வருகிறார், துப்பாக்கிக்காரர். 13+ கிடைத்தால் எட்டு வயதுப் பிள்ளைக்காக ஒருமுறை யோசியுங்கள்.

தமிழ் டப்பிங்கில் பார்ப்பதா, ஆங்கிலத்திலா? (மேலூர்)

தமிழில் பாருங்கள், நல்ல தமிழ் வேண்டும் என்று கேட்டும் வாங்குங்கள்.

எண்ட்கேமில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார், ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார். விளம்பரத்துக்கு உதவியது. ஆனால் முந்தைய படங்களின் குரலோடு வளர்ந்த ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள், அந்த வருத்தம் நியாயமானது. ஒரு பாத்திரம் சாகும் படத்தில் அவருடைய குரலை மாற்றக் கூடாது. நட்சத்திரத்தின் திறமை வேறு விஷயம்.

டூம்ஸ்டேயில் இது இன்னும் கூர்மையான கேள்வி. டாக்டர் டூம் இரும்பு முகமூடி அணிந்தவர். முகம் தெரியாத நேரத்தில் பாதி நடிப்பு குரலில்தான் இருக்கும். அயர்ன்மேனான டோனி ஸ்டார்க்கின் குரல்போலவும் இருக்க வேண்டும், அவர் இல்லை என்றும் புரிய வேண்டும். தேர்ந்த டப்பிங் கலைஞர் ஒருவரை வைத்து இதைச் செய்தால், எம்.ஆர். ஏரியாவில் இரண்டாவது வாரமே மாறும். மேலூர், உசிலம்பட்டி, பரமக்குடி போன்ற ஊர்களில் தமிழ்ப் பதிப்புதான் படம்.

கதாநாயகி படம் என்பதால் சூப்பர்கேர்ள் ஓடாது என்கிறார்கள். உண்மையா, அண்ணா? (கல்லூரி மாணவி)

இல்லை, தங்கச்சி. வொண்டர் வுமன் 2017இல் 82 கோடி டாலர், கேப்டன் மார்வெல் 2019இல் 110 கோடிக்கு மேல். 2025இல் நம் பக்கத்து மாநிலத்தில் லோகா, மலையாள சினிமாவின் மிகப் பெரிய வசூல் படமானது, நாயகி கல்யாணி பிரியதர்ஷன். சூப்பர்கேர்ளின் சிக்கல் வேறு. 2025 சூப்பர்மேன் சுமார் 61 கோடி டாலர் வசூலித்தது, அதன் முடிவில் சூப்பர்கேர்ளாகச் சற்று நேரம் வந்துபோனவர் மில்லி ஆல்காக். அந்த அறிமுகத்தை வைத்து ஒரு முழுப் படம் நிற்க வேண்டும். உலக அளவில் 40 கோடி டாலர் வந்தால் நான் மகிழ்ச்சியடைவேன். மதுரையில் பள்ளி திறந்து, கட்டணம் கட்டி முடித்த மாதத்தில் வருகிறது. ஒரு வாரப் படம்.

தம்பி, நான் முத்து காமிக்ஸ் காலத்து ஆள். இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த நமக்கு ஏன் சொந்த சூப்பர் ஹீரோ படம் அமையவில்லை? (ஓய்வுபெற்ற அச்சகப் பணியாளர், சிவகாசி)

ஐயா, 1972இலேயே உங்கள் ஊரிலிருந்து இரும்புக்கை மாயாவி தமிழ் பேசிக்கொண்டு வந்துவிட்டார். பிரிட்டிஷ் பாத்திரம், ஆனால் தென் மாவட்டப் பிள்ளைகள் அவரைச் சொந்தக்காரராகவே நினைத்தார்கள். படிக்க ஆள் இருந்தது, படமெடுக்கத்தான் துணிச்சல் வரவில்லை. முகமூடி 2012இல் வந்தது, வீரன் 2023இல் வந்தது. இரண்டும் பெரிய அலையாக மாறவில்லை.

லோகா சுமார் 30 கோடி ரூபாய்ச் செலவில் எடுக்கப்பட்டு உலகம் முழுவதும் 300 கோடியைத் தொட்டது. கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சிக் கதையை எடுத்து இன்றைய பெங்களூரில் நடக்க வைத்தார்கள். தெலுங்கில் ஹனுமான் அதையே வேறு விதமாகச் செய்தது. இரண்டுமே தாத்தா பாட்டி சொன்ன கதையிலிருந்து சக்தியை எடுத்துக்கொண்டன.

நம்மிடம் இல்லாததா? அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பைப் பாருங்கள். சிலை கிடையாது. சந்தனம் அப்பிய பெரிய மரக் கதவுகள், அவ்வளவுதான். அந்தக் கதவுக்கு முன்னால் நின்று பொய்ச் சத்தியம் செய்ய இன்றும் ஆள் பயப்படுகிறது. பொய்யைக் கண்டுபிடிக்கும் சக்தி, கதவுக்குப் பின்னால் இருப்பவர், இரவில் ஊரைக் காப்பவர். ஒரு திரைக்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன் மீனாட்சி அம்மன் கோவில் கிழக்கு வாசலில் நிற்கிறார். அநீதியாகத் தண்டிக்கப்பட்டவன் காவல் தெய்வமாகும் கதை அது.

கும்பிடும் சாமி என்பதால் பயபக்தியோடு கை வைக்க வேண்டும். நேராகச் சாமியையே காட்டாமல், அந்தக் கதவின் காவலை ஏற்கும் ஓர் இளைஞனையோ பெண்ணையோ காட்டலாம். முப்பது கோடி போதும். எம்.ஆர். ஏரியாவில் மட்டும் அந்தப் படம் எத்தனை நாள் ஓடும் என்று நினைக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

எங்கள் ஊரில் ஒரே திரை. இந்த மூன்றில் எதைப் போடலாம், அண்ணே? (தியேட்டர் குத்தகைதாரர், உசிலம்பட்டி வட்டம்)

சூப்பர்கேர்ளை விடுங்கள். ஸ்பைடர்மேனைத் தமிழில், சதவீத அடிப்படையில் எடுங்கள். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் குறித்த தொகையைக் கொடுத்தாக வேண்டிய மினிமம் கேரண்டிக்கு, யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காலைக் காட்சி 9 மணிக்கு முன்னால் அனுமதியில்லை என்பதால் அதிகாலைக் கூட்டத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பகல், மாலைக் காட்சிகள்தான் உங்கள் பிழைப்பு. உங்கள் திரை வெள்ளிப் பூச்சுள்ள திரையாக இல்லையென்றால் 3டி வேண்டாம், இருட்டாகத் தெரியும், குழந்தைகள் பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள். சாதாரணப் பதிப்பைத் தெளிவான ஒளியில் போடுங்கள்.

டூம்ஸ்டேக்கு டிசம்பர் 18ஐ விட்டுவிட்டு, 25ஆம் தேதி முதல் கேளுங்கள். பெரிய ஊர்களில் கூட்டம் குறைந்திருக்கும், விநியோகஸ்தர் பங்கும் முதல் வாரத்தைவிடக் குறைவாகப் பேசலாம். தேர்வு முடிந்த பிள்ளைகள் உங்களுக்குக் கிடைப்பார்கள். பொங்கல் படத்துக்கான ஒப்பந்தத்தை மட்டும் அதற்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள்.