ஏசி மாட்ட ஆள் வர்றாங்க, பக்கத்துல நின்னு எதை பாக்கணும்?

ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, புதுசா கட்டுன வீட்டுக்கு கூலிங், ஹீட்டிங் ரெண்டும் பண்ற இன்வெர்ட்டர் ஸ்பிளிட் மூணு வாங்கிட்டோம். நல்ல கம்பெனி மெஷின்தான். அடுத்த வாரம் மாட்ட ஆள் வர்றாங்க. எனக்கு இந்த வேலை பத்தி ஒன்னுமே தெரியாது. கூட நின்னா எதை பாக்கணும், சரியா பண்றாங்களான்னு எப்படி தெரிஞ்சுக்கறது, கேள்வி கேட்டா கோவிச்சுக்குவாங்களா?"

தம்பி, மாட்டறதுக்கு முன்னாடியே இதை கேட்டீங்க பாருங்க, அதுலயே எனக்கு பாதி நிம்மதி. எனக்கு வர்ற கேள்வில முக்கால்வாசி மாட்டி ஒரு வருஷம் ஆனப்புறம் "கேஸ் அடிக்கடி இறங்குது, மெஷின் டூப்ளிகேட்டா"ன்னுதான் வரும். போய் பாத்தா மெஷின் நல்லாதான் இருக்கும். ஸ்பிளிட் ஏசி வேலை ஃபேக்டரில பாதிதான் முடியுது, மீதி பாதி உங்க வீட்டு செவுத்துலதான் முடியுது, அந்த பாதிய செய்யறவர் கைய பொறுத்துதான் மெஷின் பத்து வருஷம் ஓடுமா ரெண்டு வருஷத்துல கம்ப்ரசர் போகுமான்னு இருக்கு. அமெரிக்க அரசோட நிஸ்ட் நிறுவனம் 2014ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஹீட் பம்ப், அதாவது உங்களுது மாதிரி கூலிங், ஹீட்டிங் ரெண்டும் பண்ற மெஷின், மாட்டும்போது நடக்கற தப்புனால வீட்டை குளிராக்கவும் சூடாக்கவும் ஆகுற கரண்ட் செலவு 30 சதவீதம் வரைக்கும் கூடலாம்னு அதுல வந்துச்சு. நீங்க எத்தனை ஸ்டார் பாத்து வாங்கினாலும் அது மாட்டற அன்னைக்கே காணாம போயிடலாம்னு அர்த்தம்.

உங்களுக்கு டெக்னிக்கலா ஒன்னும் தெரிய வேண்டாம். வர்றவர் பையில இருந்து என்ன டூல் எடுக்கறாரு, எந்த வேலைக்கு எவ்ளோ நேரம் குடுக்கறாரு, இந்த ரெண்டை மட்டும் கவனிங்க. இதுல பொய் சொல்ல முடியாது.

மொதல்ல ஃபிளேர். காப்பர் பைப் நுனிய புனல் மாதிரி விரிச்சு, நட்டு போட்டு வால்வுல இறுக்குவாங்க, அந்த விரிப்புக்கு பேருதான் ஃபிளேர். ஒரு மெஷினுக்கு மொத்தம் நாலு ஃபிளேர் ஜாயின்ட், கேஸ் லீக் ஆகுற வீட்டுல பத்துக்கு ஒம்போது இந்த நாலுல ஒன்னுலதான் நான் பிடிச்சிருக்கேன். போன வருஷம் ஒரு வீடு, மெஷினுக்கு எட்டு மாசம்தான் வயசு, மூணு தடவை கேஸ் ஏத்தியாச்சு, ஒவ்வொரு தடவையும் வந்தவர் ஏத்திட்டு போயிருக்காரே தவிர எங்க போகுதுன்னு பாக்கல. இண்டோர் பின்னாடி இன்சுலேஷனை பிரிச்சா நட்டை சுத்தி எண்ணெய் பிசுக்கு, அதுல கருப்பா தூசி ஒட்டி கிடக்கு. நட்டை கழட்டி ஃபிளேரை வெளிச்சத்துல திருப்பி பாத்தேன், உள் பக்கத்துல நகத்தால கீறுன மாதிரி ஒரே ஒரு கோடு, நுனில முடி மாதிரி ஒரு விரிசல். பைப்பை வெட்டினப்புறம் பிசிறு எடுக்காம அப்படியே விரிச்சிருக்காங்க. பிசிறு எடுக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷம் மிச்சம் பண்ணதுக்கு அந்த வீட்டுக்காரம்மா எட்டு மாசம் அலைஞ்சிருக்காங்க, எனக்கு இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது.

அதனால நீங்க பாக்க வேண்டியது இதுதான். பைப்பை டியூப் கட்டர்ல சுத்தி சுத்தி வெட்டணும், ஹேக்ஸா பிளேடு எடுத்தாருன்னா அங்கேயே நிறுத்திடுங்க, துகள் உள்ள போயிடும். வெட்டினப்புறம் பைப் வாயை கீழ பாத்த மாதிரி பிடிச்சுக்கிட்டு ரீமர்ல பிசிறு எடுக்கணும், மேல பாத்து பிடிச்சா எடுத்த பிசிறு அத்தனையும் பைப்புக்குள்ளதான் விழும். ஃபிளேர் போட்டதும் அதை ஒரு தடவை நீங்களே வாங்கி பாருங்க, கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கணும், சுத்தியும் ஒரே அகலம் இருக்கணும். நட்டை மொதல்ல கையால நாலஞ்சு சுத்து ஏத்தணும், கையால ஏறலைன்னா கோணலா நிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் ரெண்டு ஸ்பேனர், ஒன்னு பிடிக்க ஒன்னு திருப்ப, திருப்பறது டார்க் ரெஞ்சா இருக்கணும், டக்குன்னு ஒரு சத்தம் குடுத்து போதும்னு சொல்ற ஸ்பேனர் அது. இறுக்கற அளவு சின்ன கால் இஞ்ச் பைப்புக்கு சுமாரா 15 நியூட்டன் மீட்டர், 3/8 இஞ்சுக்கு 35 பக்கத்துல வரும், உங்க மாடலுக்கு சரியான அளவு மேனுவல்ல போட்டிருக்கும். "எனக்கு கை பழக்கம் சார், இருபது வருஷ அனுபவம்"னு சொல்லுவாங்க, அனுபவத்தை நான் மதிக்கிறேன், ஆனா கை பழக்கத்துல வர்ற பெரிய தப்பே ஓவரா இறுக்கறதுதான், ஃபிளேர் மெலிஞ்சு போய் ஆறு மாசம் கழிச்சு விரிசல் விடும்.

அடுத்தது வேக்கம், அதாவது பம்ப் வச்சு பைப்புக்குள்ள இருக்கறதை எல்லாம் இழுத்து வெளிய எடுக்கறது. நான் ரொம்ப பிடிவாதமா இருக்கற விஷயம் இதுதான், கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கோங்க. பைப் மாட்டினதும் அதுக்குள்ள காத்து இருக்கும், காத்துல ஈரம் இருக்கும். பழைய ஆர்-22ன்ற கேஸ் ஓடுன காலத்துல அவுட்டோர்ல இருக்கற கேஸை கொஞ்சம் திறந்து விட்டு "புஸ்ஸு"ன்னு காத்தை வெளிய தள்ளிட்டு அந்த பக்கம் நட்டை இறுக்கிடுவாங்க, ரெண்டு நிமிஷ வேலை. இன்னைக்கு வர்ற ஆர்-32, ஆர்-410ஏ கேஸ் மெஷின்ல அது பெரிய தப்பு. இதுல கம்ப்ரசருக்குள்ள இருக்கற எண்ணெய் வேற ஜாதி, பஞ்சு மாதிரி ஈரத்தை இழுக்கும், ஈரம் சேந்தா நாளடைவுல ஆசிட் ஆகி மோட்டார் வைண்டிங்கை அரிச்சிடும். மிச்சம் இருக்கற காத்து கேஸ் மாதிரி திரவமாகாது, கண்டென்சர்ல இடத்தை அடைச்சுக்கிட்டு பிரஷரை ஏத்தும், கம்ப்ரசர் சூடாகும், கரண்ட் கூடும். இது போதாதுன்னு ஆர்-32 லேசா தீப்பிடிக்கிற கேஸ், அதை வீட்டு ஓரத்துல திறந்து விடக்கூடாது, அதோட பூமிய சூடாக்கற விஷயத்துல ஒரு கிலோ ஆர்-32 வெளிய போனா 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமம்.

வேக்கம் பம்ப் ஓட விட்டா ரெண்டு வேலை நடக்கும். காத்து வெளிய போகும், அது சுலபம். ஈரம் போகறதுதான் கஷ்டம், பைப்புக்குள்ள இருக்கற தண்ணி கொதிச்சு ஆவியானாதான் பம்ப் அதை இழுக்க முடியும். 25 டிகிரில தண்ணி கொதிக்கணும்னா பிரஷர் சுமார் 24,000 மைக்ரானுக்கு கீழ இறங்கணும், மைக்ரான்னா இங்க பிரஷரை அளக்கற அலகு, நம்மள சுத்தி இருக்கற காத்தோட பிரஷர் 7,60,000 மைக்ரான், இதுல இருந்து 500 மைக்ரானுக்கு கீழ கொண்டு போனாதான் நாங்க காஞ்சிடுச்சுன்னு ஒத்துப்போம். இப்ப புரியுதா, சாதாரண மேனிஃபோல்டு கேஜ்ல முள்ளு கடைசிக்கு போயிடுச்சு பாருங்கன்னு காட்டினா அது எதையும் நிரூபிக்காது, 20,000ம் அந்த முள்ளுக்கு ஒன்னுதான் 500ம் ஒன்னுதான். அதுக்கு மைக்ரான் கேஜ்னு தனியா ஒரு டிஜிட்டல் மீட்டர் இருக்கு, உள்ளங்கை அளவுதான் இருக்கும், அது பையில இருந்து வெளிய வந்தாலே நல்ல ஆள் கிட்ட மாட்டிருக்கீங்கன்னு தைரியமா இருங்க.

500க்கு கீழ போனதும் வேலை முடியல. பம்ப் பக்கம் வால்வை மூடிட்டு ஒரு பத்து நிமிஷம் மீட்டரையே பாக்கணும், நீங்களும் கூட உக்காந்து பாருங்க. கொஞ்சமா ஏறி அப்படியே நின்னா ஓகே. ஆயிரத்தி சொச்சம் வரை ஏறி நின்னுச்சுன்னா உள்ள இன்னும் ஈரம், திரும்ப ஓட விடணும். நிக்காம ஏறிக்கிட்டே போனா எங்கயோ லீக்கு. இந்த பத்து நிமிஷம் யாருக்கும் பொறுமை இருக்காது, பல இடத்துல மாட்டறவருக்கு மெஷின் கணக்குலதான் காசு, நேர கணக்குல இல்ல, ஒரு நாளைக்கு நாலு வீடு முடிக்கணும்னு ஓடறாரு, அவரை மட்டும் குறை சொல்லி பிரயோஜனம் இல்ல. அதனால "நேரமானா பரவால்ல, அன்னைக்கு முழுக்க எங்க வீட்டு வேலை மட்டும் வச்சுக்கோங்க"ன்னு நீங்களே முன்னாடி சொல்லி, அதுக்கு ஏத்த கூலியும் பேசிடுங்க.

வேக்கத்துக்கு முன்னாடி நைட்ரஜன் அடிச்சு லீக் டெஸ்ட் பண்ணணும். மேனுவல்ல சொன்ன பிரஷருக்கு ஏத்தி, ஜாயின்ட்ல சோப்பு நுரை போட்டு பாத்து, கொஞ்ச நேரம் முள்ளு இறங்காம நிக்குதான்னு பாக்கறது. நைட்ரஜன்தான், ஆக்சிஜன் சிலிண்டரை கொண்டு வந்து மாட்டினா நீங்க வெளிய ஓடிடுங்க, உள்ள இருக்கற எண்ணெயோட சேந்தா வெடிக்கும். உங்களுது புது வீடுன்னு சொல்றதால இது இன்னும் முக்கியம், பைப்பை செவுத்துக்குள்ள புதைக்கறதா இருந்தா டெஸ்ட் முடியாம பூச விடாதீங்க, செவுத்துக்குள்ள ஜாயின்ட் இருக்கவே கூடாது, பூசறதுக்கு முன்னாடி ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, நாளைக்கு ஆணி அடிக்கறவருக்கும் அது உதவும்.

கேஸ் விஷயம் சின்னது. அவுட்டோர்ல ஏற்கனவே ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கான கேஸ் இருக்கும், மேனுவல்ல எத்தனை மீட்டர்னு போட்டிருக்கும், அதுக்கு மேல போற ஒவ்வொரு மீட்டருக்கும் இத்தனை கிராம்னு தராசுல நிறுத்து ஏத்தணும். இன்வெர்ட்டர்ல கேஜை பாத்து அந்தாசா ஏத்தறது வேலைக்காகாது, கம்ப்ரசர் வேகம் மாறிக்கிட்டே இருக்கும், அதோட பிரஷரும் மாறும்.

தண்ணி விஷயத்துக்கு வருவோம். டிரைன் பைப்புக்கு வாட்டம் வேணும், 100 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறங்கணும், நடுவுல மேல ஏறி இறங்கக்கூடாது, நுனி வாளித் தண்ணிக்குள்ள முங்கி கிடக்கக்கூடாது. செவுத்துல போடற ஓட்டையும் வெளிப்பக்கமா லேசா சாஞ்சிருக்கணும். இண்டோர் மாட்டினதும் ஃபில்டரை கழட்டிட்டு உள்ள தட்டுல ஒரு சொம்பு தண்ணிய மெதுவா ஊத்த சொல்லுங்க, வெளிய தடையில்லாம வரணும். இதை நீங்களே கேட்டு செய்ய வைங்க, கரண்ட் போடறதுக்கு முன்னாடி. இன்சுலேஷன் ரெண்டு பைப்புக்கும் தனித்தனியா போடணும், சின்ன பைப்பும் கூலிங்ல சில்லுன்னுதான் இருக்கும், சேத்து ஒரே உறைல விட்டா ஒன்னுக்கொன்னு சூட்டை மாத்திக்கும், நட்டு இருக்கற இடத்தை மூடாம விட்டா அங்க இருந்துதான் செவுரு நனையும்.

நீங்க ஹீட்டிங்கும் வாங்கியிருக்கீங்க, அதுல ஒன்னு பலபேர் மறக்கறது. குளிர்ல ஹீட்டிங் ஓடும்போது தண்ணி அவுட்டோர்ல இருந்து வரும், மேல படியற பனிய மெஷின் அப்பப்ப உருக்கி விடும். அது போக வழி வேணும், கீழ நடக்கற பாதைக்கு மேல மாட்டிடாதீங்க, உறையற அளவு குளிர் வர்ற இடம்னா ஸ்டாண்டு மேல உயரமா வச்சு அடிய திறந்தே விடணும். அவுட்டோரை கிரில் போட்டோ பெட்டி மாதிரி அடைச்சோ அழகு பாக்க வேண்டாம், விட்ட காத்தையே திரும்ப இழுக்கும்.

வயரிங்க்கு தனி லைன், மேனுவல்ல சொன்ன சைஸ், தனி எம்சிபி, நல்ல எர்த், இண்டோருக்கும் அவுட்டோருக்கும் நடுவுல போற கேபிள்ல டேப் சுத்தின ஜாயின்ட் கூடாது. அவ்ளோதான்.

உங்களுக்கு டக்ட், அதாவது ரூமுக்கு ரூம் காத்தை கொண்டு போற குழாய், இல்ல, ஆனா சென்ட்ரல் சிஸ்டம் வச்சிருக்கறவங்களும் இதை படிப்பீங்க, உங்களுக்கு ஒரு வரி: டக்ட் ஜாயின்ட்டை துணி டேப்ல ஒட்டினா ஒத்துக்காதீங்க, மாஸ்டிக்னு ஒரு பசை இருக்கு, அதை பூச சொல்லுங்க, 1998லயே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துல டெஸ்ட் பண்ணி அந்த டேப் சூட்டுல உரிஞ்சு வந்துடும்னு காட்டிட்டாங்க.

எல்லாம் முடிஞ்சதும் குறைஞ்ச டெம்பரேச்சர், ஃபுல் ஃபேன் வச்சு 20 நிமிஷம் ஓட்டுங்க. மேல இழுக்கற காத்துல ஒரு தெர்மாமீட்டர், கீழ விடற காத்துல ஒன்னு, 8ல இருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்தா நல்லது. அப்புறம் ஹீட்டிங் போட்டும் ஒரு தடவை பாருங்க, ரெண்டுமே ஓடுறதை பாக்காம கையெழுத்து போடாதீங்க. மைக்ரான் கேஜ் ரீடிங்கை போட்டோ, பைப் எத்தனை மீட்டர், எத்தனை கிராம் ஏத்தினாங்க, இதை வாரண்டி கார்டு பின்னாடியே எழுதி வாங்கிடுங்க.

கோவிச்சுக்குவாங்களான்னு கேட்டீங்களே. நல்லா வேலை தெரிஞ்சவர் கோவிச்சுக்க மாட்டாரு தம்பி, பக்கத்துல ஒருத்தர் ஆர்வமா பாத்தா அவருக்கே ஒரு உற்சாகம் வரும், நானே அப்படித்தான், கேக்காததையும் சேத்து சொல்லுவேன். வேலை நடக்கும்போது சண்டை வேண்டாம்னா இன்னைக்கே ஒரு ஃபோன் போடுங்க. "அண்ணே, வேக்கம் பம்போட மைக்ரான் கேஜ் கொண்டு வருவீங்களா, டார்க் ரெஞ்ச் இருக்கா, நைட்ரஜன் டெஸ்ட் உண்டா"ன்னு மூணே கேள்வி, மரியாதையா கேளுங்க. மூணும் இருக்குன்னா வர சொல்லுங்க. வேக்கமெல்லாம் எதுக்கு, கேஸை விட்டே தள்ளிடலாம்னு பதில் வந்தா தேதிய தள்ளி போட்டுட்டு வேற ஆள் பாருங்க, மெஷின் பெட்டியிலயே இன்னும் பத்து நாள் இருந்தா ஒன்னும் கெட்டுப் போகாது.